மக்டலீன் தெரிந்தெடுத்த ஸ்பீக்கர்

சண்டிலிப்பாய்,
18.10.1992

அன்பு மகன் சந்தியோகுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் இரண்டரை மாதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கச்சியும் சுகம். அவளுக்கு ஒரு கிழமை தடிமல் இருந்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், போய்விட்டது. யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு குருநகரை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. வீட்டுக்காரர் முருகேசர் தந்த இந்த அறையும், சுற்றிவர இருக்கும் புகையிலைத் தோட்டமும் பழகிவிட்டன. மீன் மட்டும் நினைத்த நேரம் இல்லை. நீ அனுப்பிய படத்தில் மெலிந்து தெரிகிறாய். ஜேர்மன்காரர் பாண் மட்டும்தான் சாப்பிடுவார்களா? ஒரு நேரமாவது சோறு சமை.

இனி நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். நீ பார்த்த மாப்பிள்ளை செபநாயகம் தன் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறார், தங்கச்சி மக்டலீன் வந்து வாழப்போகிற வீடு என்பதால் அவளே தெரிந்தெடுக்கட்டும் என்று எழுதி, கடைக் கற்றலொக் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தாய். பக்கத்துக்கு ஒரு சோடி. இரண்டும் புத்தகத் தட்டில் வைக்கிற அளவான பெட்டிகள். மாப்பிள்ளை வீட்டார் கூறைச் சேலையின் நிறம் கேட்டு எழுதுவார்கள். ஸ்பீக்கர் கேட்டு எழுதியதை இப்போதுதான் காண்கிறேன். ஆனாலும் அந்த மனுசனைக் குறை சொல்ல மாட்டேன். உனக்கிருந்த, நீங்கள் மெற்றல் என்று சொல்கிற இரும்புப் பாட்டுப் பைத்தியம் தங்கச்சிக்கும் இருப்பதை விசாரித்து அறிந்துதான் கேட்டிருக்கிறார். குருநகரை விட்டு ஓடி வரும்போது நான் மாதா படத்தைத் தூக்கினேன், அவள் உன்னுடைய பதினொரு பாட்டுக் கசற்றையும் தூக்கினாள். நான் அன்றைக்குப் பேசிய பேச்சை அவள் இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

படத்தைப் பார்த்து எங்களுக்கு என்ன விளங்கும்? ரேடியோக் கடை அடைக்கலநாதனைத்தான் கேட்க வேண்டும் என்றாள் மக்டலீன். எனக்கு விசர் பிடித்தது. அவள் சுன்னாகத்து ரேடியோக் கடைக்கு அடிக்கடி போகிறாள், அந்தப் பெடியனும் இவளைக் கண்டால் வேலையை விட்டுவிட்டுக் கதைக்கிறான் என்று பங்குனி மாதம் உனக்கு எழுதினது நான்தானே. அதை வாசித்துவிட்டுத்தானே நீ அந்தரப்பட்டுச் செபநாயகத்தை மாப்பிள்ளையாகப் பேசினாய். சரி, இதையே சாட்டாக வைத்து அவனுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவோம் என்று நானும் கூடப் போனேன்.

சனிக்கிழமை பின்நேரம், சந்தை கலைந்த பிறகு போனோம். அவன் தணலில் காய்ச்சிய கம்பியால் ஒரு ரேடியோவுக்கு ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தான். இஞ்சை பாருங்கோ தம்பி, இவளைக் கட்டப்போற ஜேர்மனி மாப்பிள்ளை ரெண்டு சோடி காட்டியிருக்கிறார், எது திறமெண்டு சொல்லுங்கோ என்று வேண்டுமென்றே உரத்துக் கேட்டேன்.  கம்பியை வைத்து, கையைத் துணியில் துடைத்துவிட்டுப் பக்கங்களை வாங்கினான்.

ஜேர்மன் எழுத்து உங்களுக்கு விளங்குமோ என்று கேட்டேன். இலக்கம் எல்லா ஊரிலையும் ஒண்டுதான் அன்ரி என்றான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலாம் சோடி பாரம் குறைந்த பெட்டி, அகலக் கடதாசிக் கூம்பு, கொஞ்சக் கரண்டிலேயே நன்றாகச் சத்தம் போடும். இரண்டாம் சோடி தடித்த பலகை, நாலு பக்கமும் அடைத்த பெட்டி, கரண்டை நிறையக் குடிக்கும். இதைக் கேட்டதும் நானும் மக்டலீனும் ஒரே வாயாக முதலாவதுதான் என்றோம். குப்பி விளக்கின் திரியைக் குறைத்து வைத்துச் சீவிக்கிற சனம் வேறு எதைச் சொல்லும்? அவன் சிரித்துவிட்டு, அது இஞ்சத்தைக் கணக்கு அன்ரி, அங்கை சுவிச்சைத் தட்டினாக் கரண்ட், அதைப் பாக்காதேங்கோ என்றான்.

சொல்லி விளங்காது, கேட்டால்தான் விளங்கும் என்று தன்னிடமிருந்த பெட்டிகளில் அந்த இரண்டு மாதிரிக்கும் கிட்டத்தட்ட ஒத்து வரக்கூடிய இரண்டு சோடியை எடுத்துத் தட்டில் வைத்தான். மக்டலீன் உன் கசற் ஒன்றைக் கொடுத்தாள். நீ உறையில் இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதி வைத்த அந்த ஒற்றைப் பாட்டு. பற்றறிக்குத் தடை, சுன்னாகத்துப் பவர் ஹவுஸ் எப்போதோ நின்றுபோனது என்று உனக்கு எழுதியிருக்கிறேன். இப்போது பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிள் டைனமோதான். அவன் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவில் இருந்து வயரைக் கொழுவிவிட்டு, ஏறியிருந்து மிதிக்கத் தொடங்கினான்.

அந்தப் பாட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? பூசைக்கு முதல் ஓர்கன் வாசிக்கிற மாதிரித் தொடங்கியது, பரவாயில்லையே என்று நினைத்தேன். கொஞ்சத்தால் மீன் சந்தையில் ஏலம் கூறுகிற சத்தம். பிறகு மறுபடியும் ஓர்கன். முடிகிற வழியாகத் தெரியவில்லை. நான் செபமாலையைக் கையில் எடுத்தேன். ஐந்து பத்து மணியும் சொல்லி, மாதா பிரார்த்தனையும் சொல்லி முடித்தேன். பாட்டு இன்னும் போகிறது, அவன் இன்னும் மிதிக்கிறான். எங்கள் வீட்டில் நான் மிதித்தால் பாடுகிறவன் கள்ளுக் குடித்தவன் மாதிரி இழுப்பான். அவன் மிதித்தபோது ஒரு சொல் கூட இழுபடவில்லை.

அது முதலாம் மாதிரிப் பெட்டிக்கு. பிறகு மக்டலீன் பேனையால் கசற்றைச் சுற்றிக் கொடுக்க, அதே பாட்டை இரண்டாம் மாதிரிப் பெட்டியில் போட்டான். அதற்குச் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும், காலும் கூடப் பாரமாக மிதிக்க வேண்டும். சேட்டெல்லாம் நனைந்துவிட்டது. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தரம்கூடக் கசற் பக்கம் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் காதுக்கே வித்தியாசம் கேட்டது. முதல் பெட்டியில் மேளம் எல்லாம் ஒன்றாகக் குழைந்த சத்தம். இதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது, அதற்குக் கீழே ஓர்கன் தெளிவாக ஓடியது.

இறங்கி வந்து இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டான். இந்தப் பாட்டுக்கு இதுதான் அன்ரி, சுவரோடை முட்டாமல் ஒரு முழம் தள்ளி, கதிரையிலை இருக்கிறவையின்ரை காது மட்டத்துக்கு வைக்கச் சொல்லுங்கோ, இவ வேலை செய்துகொண்டு கேக்கிறேல்லை, ஒரு இடத்திலை இருந்துதான் கேக்கிறவ என்றான். இன்னொருத்தன் வீட்டில் இவள் இருந்து கேட்கப்போகிற பாட்டுக்காக அந்தப் பெடியன் முக்கால் மணித்தியாலம் மிதித்திருக்கிறான். பிழையான சோடியைச் சொல்லியிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனை நோகடிக்கப் போன எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் மக்டலீன் எனக்கு முன்னால் நடந்தாள். சண்டிலிப்பாய்க்குக் கிட்ட வந்ததும், அம்மா, எனக்கு முதலாவது சோடிதான் வேணும் என்றாள். அந்தப் பெடியன் இவ்வளவு பாடுபட்டுக் காட்டினது உனக்குக் கேக்கேல்லையோ என்று ஏசினேன். கேட்டது, ரெண்டாவதுதான் திறம், ஆனா எனக்குக் கொஞ்சக் கரண்டிலை பாடுறதுதான் வேணும் என்றாள்.

நான் படிக்காதவள்தான் மகன், ஆனால் அது விளங்காத அளவுக்கு மொக்கி இல்லை.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். இங்கே குண்டு போடுகிற பொம்மர் சுற்றுகிறது. போன மாதமும் இரண்டு தரம் பங்கருக்குள் ஓடினோம். அங்கே அனுப்பினால் அவளின் உயிருக்காவது பயமில்லை. மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளையே கேட்டேன், உனக்குப் பயமில்லையோ பிள்ளை என்று. பயம்தான் அம்மா, பயத்தோடைதான் சொல்லுறன் என்றாள்.  பெற்ற வயிறு போ என்றும் சொல்கிறது, இரு என்றும் சொல்கிறது.

அடைக்கலநாதனையும் கூப்பிட்டு, இவளைக் கட்ட விருப்பமோ என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, சந்தியோகு அண்ணை ஓமெண்டு எழுதட்டும் அன்ரி, அதுவரைக்கும் நான் உங்கடை வீட்டுப் பக்கம் வரமாட்டன், அவவும் கடைக்கு வரவேண்டாம் என்றான். சொன்ன சொல்லில் நிற்கிறான். மூன்று கிழமையாக இரண்டு பேரும் பூசையில் கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் வீட்டில் இவள் முகம் தெளிந்திருக்கிறது. காலையில் முணுமுணுத்துக்கொண்டு முற்றம் கூட்டுகிறாள். அதைக் கேட்க எனக்கும் சந்தோசமாக இருக்கிறது.

செபநாயகத்தை நோகப் பண்ணாதே. பெண்ணின் காதுக்கு மரியாதை தந்த மனுசன். உள்ளதை உள்ளபடி சொல்லி, இரண்டாம் சோடியை வாங்கச் சொல், அவர் வீட்டுக்கு அதுதான் சரி. அடைக்கலநாதன் கோடு போட்ட பக்கத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். முதலாம் பக்கத்தைத் திருப்பி அனுப்ப மாட்டாளாம். அதைப் பார்த்து அளவெடுத்து அடைக்கலநாதன் பெட்டி செய்யலாமாம்.

மூத்தவன் நீ, அப்பாவின் இடத்தில் நிற்கிறாய். அந்தப் பெடியனைப் பற்றி அந்தப் பிழையான கடிதத்தை எழுதினது நான். அதற்காக என்னைக் கோபி, அவளைக் கோபியாதே. உன் பெயர்ப் புனிதர் யாகப்பர் உனக்குத் துணையிருந்து, உன் கையால் நல்ல வார்த்தை எழுத வைக்கட்டும்.

கடைக்குப் போகாததால் இப்போது அவளுக்கு நான்தான் மிதிக்கிறேன். என் முழங்கால் சங்கதி உனக்குத் தெரியும், பாதிக்கு மேல் முடிவதில்லை. மூன்று கிழமையாக என் பிள்ளை அந்தப் பாட்டை முடிவுவரைக்கும் கேட்கவில்லை. கெதியாக எழுது, ராசா.

இப்படிக்கு,
உன் வரவையும் கடிதத்தையும் பார்த்திருக்கும் அம்மா,
லூர்த்தம்மா