டேப்பில் நான் தப்பாகப் படித்த உன் இடுப்பு

என் ஈர்க்குச்சி ரோஸக்காவுக்கு,

மேலே போயும் உனக்குச் சதை வைத்திருக்காது, தெரியும்.

முதலில் சேதி. என் தொப்பை விமானம் ஏறிவிட்டது. நான் இன்னும் ஏறவில்லை. திருநள்ளாறு பஸ்ஸில் உனக்கு ரெண்டு சீட்டு வேணும்டி என்று சிரிப்பாயே, அந்தத் தொப்பையில் ஒரு நெல்லிக்காய் அளவு கொழுப்பு, ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது.

எனக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். யாரென்று நினைக்கிறாய்? கோட்டுச்சேரி பிலவேந்திரன் மாமா பேத்தி ஜெனிட்டா. முதன்முதலா நற்கருணை வாங்கின புதுநன்மைக்கு நான் வெள்ளைக் கவுன் தைக்க, நீ பொத்தான் வைத்துக் கொடுத்தாயே, அவள்தான். இப்போது விஞ்ஞானி. கொழுப்பைத்தான் படிக்கிறாளாம்.

"சித்தி, ஆபரேஷன் பண்ணும்போது உங்க கொழுப்புல கொஞ்சூண்டு எடுத்துக்கலாமா? நெல்லிக்காய் அளவு போதும்."

"பூசணிக்காய் அளவே எடுத்துக்க. திருப்பித் தர வேணாம்."

சிரித்தாள். ஆனால் எதற்கென்று எனக்குப் புரிகிற வரைக்கும் கையெழுத்து வாங்க மாட்டேன் என்றாள்.

கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லையாம் அக்கா. அதுவும் வேலை செய்யுமாம், உடம்பு முழுக்கச் சேதி அனுப்புமாம். தாங்காத அளவுக்கு அடைத்தால் அதற்குள்ளேயே அழற்சி வருமாம். அடிபட்ட இடம் சிவந்து வீங்குமே அந்த மாதிரி, ஆனால் வலிக்காமல். அது ஈரல் வரைக்கும் போய் சர்க்கரையைக் கிளப்பிவிடுமாம்.

"அப்போ எனக்குல்ல வரணும்? எங்கக்கா ஈர்க்குச்சி. அவளைத்தானே சர்க்கரை கொண்டுபோச்சு?" என்றேன்.

"எல்லார் உடம்பும் ஒரே மாதிரி இடம் குடுக்காது சித்தி. சிலருக்குத் தோலுக்கடியில சேர்த்து வைக்க இடம் கம்மி. கொஞ்சம் கூடினாலே வயித்துக்குள்ள போயிடும். கை குச்சியாவே இருக்கும், இடுப்பு மட்டும் ஏறும்."

பட்டென்று புரிந்தது. நான் உள்ளே துணி விட்டுத் தைத்த ஜாக்கெட். எத்தனை தடவை பிரித்துவிட்டாலும் தாங்குவேன். நீ துணியே விடாமல் தைத்தது. அரை இஞ்சு கூடினால் தையல் விட்டுப்போகும். சொன்னேன். அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள், பார்த்துக்கொள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இடுப்பு மட்டும் ஏறும் என்றாளே.

அந்தத் தவக்காலம் ஞாபகமிருக்கா? நாற்பது நாளும் இனிப்புத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, வெள்ளிதோறும் ஒரு வேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்தாய். குருத்து ஞாயிறுக்கு முன்னால் ரத்தம் பார்த்தால் சர்க்கரை எகிறியிருந்தது. ஈஸ்டர் ஜாக்கெட்டுக்கு அளந்தேன். கை இளைத்திருந்தது, இடுப்பு பழைய அளவைவிட ரெண்டு இஞ்சு கூட. கோயில் வாசலில் அத்தனை பொம்பளைகளும் நிற்கும்போது சொன்னேன்: "டேப் பொய் சொல்லாது. ஒருசந்தி இருந்துக்கிட்டே ஆண்டவருக்குத் தெரியாம ஜிலேபி தின்னிருக்கா எங்கக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சிலுவையைத் தொட்டு, "சத்தியமா தொடலடி பிலோ" என்றாய். "சிலுவையில ஜீரா ஒட்டிக்கிச்சு பாரு" என்றேன்.

அதற்கப்புறம் நீ எனக்கு அளவே கொடுக்கவில்லை. பழைய அளவுக்கே தை என்றாய். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

எங்கக்கா தின்னவில்லை என்று எழுதித் தருவாயா என்று ஜெனிட்டாவைக் கேட்டேன்.

"அவங்களை நான் சோதிக்கலயே சித்தி, எப்படிச் சொல்வேன்? டேப்பை வெச்சு தின்னாங்கன்னு சொல்ல முடியாது. அதை வேணா எழுதித் தரேன்."

வேண்டாம் என்றேன். நீ சிலுவையைத் தொட்டுச் சொன்னதை நம்பாதவளுக்கு விஞ்ஞானி கையெழுத்து எதற்கு?

ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. என் தையலைவிட சுமார்தான். அடுத்த மாதம் உன் ஆண்டுப் பூசை. பூசை முடிந்ததும் அதே வாசலில் அதே பொம்பளைகள் நிற்பார்கள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வருவேன். எங்கக்கா தின்னவில்லை, நான்தான் தப்பாகப் படித்தேன் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன். யாரையும் சிரிக்க வைக்காமல் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உள்ளே துணி நிறைய விட்டுத் தைத்த
உன் குண்டுத் தங்கச்சி
பிலோ