எனக்குக் கேட்காமல் போன ‘ங்க’

மாப்ளே,

இன்று காலை போனில் இடமில்லை என்று காட்டியது. பழையதை எல்லாம் அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள், கல்யாணப் படங்கள். அவற்றுக்கு நடுவில் நீ அனுப்பிய குரல் செய்தி ஒன்று. அன்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஆத்திரத்தில் போனைத் திண்டு மேல் எறிந்தேனே, அதேதான். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது என் காதில் காது கேட்கும் மிசின் இருந்தது. மறுபடி அமுக்கினேன்.

அதில் என்ன இருந்தது என்று எழுத இன்னும் கை வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

உன் அக்காவைக் கட்டிய மறு வருடம் உன்னை முதலிபாளையத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மிசின். அந்த இரைச்சலில் ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துக் கத்தித்தான் பேசுவோம். ஒரு நாள் நீ ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போன்ற இயர் பிளக் இரண்டு ஜோடி வாங்கி வந்தாய். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

“மச்சான், காதுல வெச்சுக்கங்க. வயசான காலத்துல ஒதவும்.”

நான் சிரித்தேன். “ஊசி ஒடையற சத்தம் எனக்குப் பத்தடி தள்ளி நின்னாலும் கேக்கும் மாப்ளே. காதை அடைச்சுட்டா தொழிலை எப்படிப் பாக்கறது?” என்றேன். உண்மைதான். ஊசி ஒன்று உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். கண்ணுக்குத் தெரியும் முன்னால் என் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தத் திமிரில் உன் பொட்டலத்தை ஆணி டப்பாவுக்குள் போட்டேன். நீ மட்டும் தினமும் வைத்துக்கொண்டாய். உனக்கு ‘பஞ்சுக்காது’ என்று பெயர் வைத்ததும் நான்தான்.

காது கெட்டால் ஒன்றுமே கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டது. பஸ் ஆரன் கேட்டது, மிசின் கேட்டது. ஆனால் ஊரில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. டீக்கடையில் “உக்காரு” என்றார்கள். என் மருமகன், என் சொந்த மருமகன், வாசலில் நின்று “வா மாமா” என்றான். நம் பக்கத்தில் ‘ங்க’ போடாமல் பெரியவர்களிடம் பேசுவது என்பது முகத்தில் அறைவதற்குச் சமம். காலம் கெட்டுவிட்டது என்று உன் அக்காவிடம் புலம்பினேன். அவள் ஏதோ சொன்னாள். அவளும் முணுமுணுக்கப் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நாள். என் மிசினில் ஊசி உடைந்து துணி கோடு விழுந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தெரியாமல் நிற்கிறேன். நீ ஓடி வந்து கத்தினாய். எனக்குக் கேட்டது இதுதான்: “மச்சான், மிசினை நிறுத்து!”

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “யாரைப் பாத்து நிறுத்துங்கறே? நான் சேர்த்துவிட்டு வந்தவன் நீ, எனக்கே உத்தரவா?” என்று உன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நீ திகைத்து நின்றாய். உன் உதடு அசைந்தது. என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

அடுத்த வாரம் நீ வேறு கம்பெனிக்குப் போய்விட்டாய். ஒரு மாதம் கழித்து அந்தக் குரல் செய்தி வந்தது. “ஒருக்கா ஊட்டுக்கு வா. உன் மேல தப்பு” என்று எனக்குக் கேட்டது. என் மேல் தப்பா! உன் அக்கா எத்தனையோ சொன்னாள். என்னிடம் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்குதான். இதில் சிலேடை ஒன்றும் இல்லை மாப்ளே.

அதற்கடுத்த இரண்டு மாதத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். உன் வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உன் மகள் என் பக்கத்தில் வந்து அழுதுகொண்டே என்னவோ கேட்டாள். புரியாமல் தலையை ஆட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றுதான் உன் அக்காவுக்குப் பொறி தட்டியது. பிடிவாதமாகக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக் காட்டி விளக்கினார். சத்தத்தில் காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடுமாம். செத்தது திரும்ப முளைக்காதாம். கனத்த சத்தம் கேட்கும், மெல்லிய சத்தம்தான் முதலில் போகும், பேசும்போது இறங்கிப் போகிற கடைசி எழுத்துகள் நழுவிவிடும் என்றார். மிசினை மாட்டிவிட்டு, “கேக்குதுங்களா?” என்றார். அந்த ‘ங்களா’ முழுசாகக் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் உன் அக்கா, “வாங்க, போலாமுங்க” என்றாள். அவள் ஒரு நாளும் அதை விட்டதில்லை. யாருமே விட்டதில்லை.

காது கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போது சட்டைப் பையில் இயர் பிளக் பொட்டலம் இல்லாமல் நான் வேலைக்குப் போவதில்லை. ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் காது மிசினைக் கழற்றிக் காட்டி, பிளக்கை அவர்கள் கையில் வைக்கிறேன். புரிந்துகொள்கிறார்கள். எனக்கு இப்போது பஞ்சுக்காது என்றுதான் பெயர். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன், அது உன் பெயர்.

சரி, சொல்லிவிடுகிறேன். இன்று காலை கேட்டது இதுதான்:

“மச்சான், ஒருக்கா ஊட்டுக்கு வாங்க. உங்க மேல தப்பில்லீங்க. காதுதானுங்க காரணம், நான் ரொம்ப நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். டாக்டர்கிட்ட நானே கூட வர்றேனுங்க. வாங்க மச்சான்.”

எனக்கே தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கிறது. சட்டையைப் பிடித்தவனுக்கும் அத்தனை ‘ங்க’ போட்டிருக்கிறாய். நான்தான் ஒரு தடவைகூட உனக்குப் போட்டதில்லை. வயதில் சின்னவன் என்று வா, போ என்றே பழகிவிட்டேன்.

அந்தச் செய்தியை அழிக்கவில்லை. அதற்குக் கீழே மைக்கை அமுக்கிப் பிடித்து, முதல் தடவையாக உனக்குப் பதில் சொன்னேன். போய்ச் சேர்ந்ததற்கான குறி இன்னும் வரவில்லை.

“வர்றேனுங்க மாப்ளே. கொஞ்சம் நில்லுங்க.”