தொட்டிக்குள் இரண்டு தண்ணீர்

வேலம்பாளையம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரெஜினாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? எனக்குக் காதுவலி குறைந்துவிட்டது. இங்கே நடந்த ஒன்றைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் சாயப்பட்டறையில் எத்தனை மூட்டை உப்பு கொட்டியும் தொட்டித் தண்ணீரில் உப்பின் அளவு ஏறவில்லை. டையிங் மாஸ்டர் சசிகுமார், "ஏனுங்க ராபின், உங்க தூத்துக்குடி உப்புல சத்தே இல்லீங்க. லோடைத் திருப்பி அனுப்பிடலாமுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டேன். மேலே வெதுவெதுப்பு, உள்ளங்கையில் சில்லிப்பு. சங்கு குளிக்கப் போனால் ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் திடீரென்று ஒரு குளிர் வந்து காதைப் பிடிக்கும் என்பேனே, அதேதான். ஆழக்கடலில் சூட்டுத் தண்ணீர் மேலேயும் கனத்த குளிர்தண்ணீர் கீழேயும் அடுக்கடுக்காக நிற்கும். இங்கே கலக்கும் விசிறி நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. காலையில் ஊற்றிய வெந்நீர் அப்படியே மேலே நின்றுவிட்டது. அதைத்தான் மாஸ்டர் அளந்துகொண்டிருந்தார்.

"மாஸ்டர், உப்பெல்லாம் கீழ கெடக்கு. அடித்தண்ணிய எடுத்துப் பாருங்க" என்றேன்.

அளந்தவர், "அட, வேண்டியதுக்கு ரெண்டு பங்கு இருக்குதுங்களே! இதை எங்கீங்க படிச்சீங்க?" என்றார்.

"எங்க கடல்லதான்."

லோடு திரும்பவில்லை. தொட்டிமேல் சாக்பீஸால், 'ராபினைக் கேட்காமல் அளக்கக் கூடாது' என்று எழுதிவிட்டார்.

கைத்தோல் கொஞ்சம் எரிகிறது, அவ்வளவுதான். யாராவது வந்தால் தேங்காய் எண்ணெய் கொடுத்துவிடு. புதிதாக வாங்காதே, அடுப்படியில் நீ வைத்திருக்கும் பாட்டிலே போதும்.

ஷிப்ட் மணி அடிக்கிறது. தண்ணீரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்றாரே உன் அண்ணன், அவருக்கும் இதைப் படித்துக் காட்டு.

உன்
ராபின்