படகு விருந்தும் பதினாறாம் நாளும்

எங்கூட்டு மவராசருக்கு,

பெயிண்டு கம்பெனி, டீலருக்கும் பொண்டாட்டிக்கும் குடுத்த ஸ்பெயின் டூருங்க அது. முள்கரண்டி புடிக்கத் தெரியாதவ, படகு விருந்துல மானத்தை வாங்கிடுவான்னு, நான் படுத்த படுக்கைன்னு சொல்லிட்டு உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போனீங்க.

கம்பெனிக்காரரு பாவம், ஆப்பிளோட பாக்க வந்தாரு. வாசலைக் கூட்டிக்கிட்டிருந்த என்னையே, "அம்மா எப்படியிருக்காங்க?"ன்னு கேட்டாரு. வேலைக்காரின்னு நெனச்சுட்டாருங்க! "காலையிலதான் போய்ச் சேந்தாங்க"ன்னேன்.

நான் செத்த சேதி கேட்டு, அந்த செவில்யா ஊரு ஆத்துல பாட்டை நிறுத்தி, படகே எழுந்து நின்னுச்சாமே. மாலையோட மறுபடி வந்தவரு சொன்னாரு. மீன் தட்டை ஒதுக்கிட்டு அழுதீங்களாம். எனக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலியேங்க!

பதினாறாம் நாள் சோறு மாரண்டஹள்ளியில, எங்கம்மா வூட்டுல. வாங்க. கையாலதான் சாப்புடணும்.

இப்படிக்கு,
செத்துப்போன உங்க பொண்டாட்டி