சிலிக்கானுக்கு ஒரு பொட்டு

22.9.1997, திங்கள். திருப்பதி

ஜெர்மனியிலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தின் பழைய எக்ஸ்ரே குழாயிலிருந்தே வட்டமாகச் சுழலும் கதிரை எடுத்து, அக்டோபர் முடிவதற்குள் ஒரு முழு அளவீட்டு வரைபடம் ஃபாக்ஸில் அனுப்பினால் எனக்கு அங்கே மூன்று வருட வேலை. பேராசிரியர் ஆதிநாராயணன் வாழ்த்தினார். "வெள்ளு காஞ்சனா, போய்ட்டு வா. கட்டுரையில என் பேரு மொதல்ல. மர்ச்சிபோவத்து." மறக்க விடுகிறவரா அவர்.

நைனாவிடம் போனில் சொன்னேன். "வேலச் சீட்டு வந்தா போ. வராங்காட்டி தை மாசம் கோவர்த்தனனுக்குக் கழுத்த நீட்டு." கோவர்த்தனன் அத்தை மகன். கார்வேட்டிநகரத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் வைத்திருக்கிறான். வெளிநாட்டோடு அவனுக்கும் தொடர்பு உண்டு.

29.9.1997

செய்முறை எளிது. ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகத்தில் பட்டுச் செங்கோணமாகத் திரும்பும் கதிர் ஒரே தளத்தில் அதிரும். அதை முடியைப் போல் மெலிந்த சிலிக்கான் படிகத் தகட்டின் வழியே விட்டு, தகட்டைச் சரியான கோணத்திலிருந்து ஒரு மயிரிழை விலக்கினால் சுழலத் தொடங்கும். இந்தப் பக்கம் விலக்கினால் வலம், அந்தப் பக்கம் விலக்கினால் இடம். மேலே மலைக்கோயிலில் வலம் மட்டும்தான், இந்தச் சலுகை கிடையாது.

7.10.1997

சுழல்கிறது! கதிரைச் சோதிக்கும் கடைசிப் படிகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கவுண்டரில் எண்ணிக்கை மாறவில்லை. கதிர் ரொம்ப பலவீனம். முழு வரைபடத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஓட வேண்டும். பூஜை முடிந்ததும் தொடங்கலாம்.

10.10.1997, வெள்ளி

ஆயுத பூஜை. அட்டெண்டர் நாகையா பம்பு, கவுண்டர், ஃபேன் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். "கிரிஸ்டல மட்டும் தொடாதீங்க" என்றேன். "தெரியும்மா. அது உன் புள்ள" என்றார்.

நைனா சலவைச் சட்டையில் பஸ் ஏறி வந்திருந்தார். கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் பொரி வாங்கி வரப் போனேன்.

11.10.1997

மூடியைத் திறந்தால் தகட்டின் நடுவில் ஒரு பொட்டு. காய்ந்த சந்தனம் இழுத்துத் தகடு வளைந்திருக்கிறது. வளைவு கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேவுக்குத் தெரியும். ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டேன். டிக். இரண்டு துண்டு.

இருந்தது அது ஒன்றுதான். அடுத்தது வர நான்கு மாதம்.

நாகையா வீட்டுக்கே போய்க் கத்தினேன். "நான் இல்லம்மா. உங்க நைனா. 'எல்லாத்துக்கும் வெச்சிகினு எம்பொண்ணுதுக்கு மட்டும் உட்டுட்டியே'ன்னு சொல்லிக்கினே வெச்சாரு. பெத்தவர எப்பிடித் தடுக்கறது?"

ஐயோ நைனா. இன்னா பண்ணி வெச்ச.

13.10.1997

பேராசிரியர், பூஜை செய்த பொருள் உடைந்தது அபசகுனம் என்றார். காளஹஸ்தியில் பரிகாரம் செய்துவிட்டு வரச் சொன்னார். பௌதிகத் துறையின் தலைவர்.

20.10.1997

நைனா போன் செய்தார். "இன்னாமே ஆச்சி உன் மிஷினு?"

"ரிப்பேர், நைனா."

"அழுவுறியா?"

"ஜலதோசம்."

சொல்லவில்லை. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வைத்த பொட்டு. தெரிந்தால் அந்த மனிதர் தாங்க மாட்டார். ஆயுள் முழுக்க நான் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

31.10.1997

ஃபாக்ஸ் அனுப்பவில்லை.

18.1.1998, ஞாயிறு. கார்வேட்டிநகரம்

நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டு எடுக்க உள்ளே போனேன். சமையல்கட்டில் நைனா சந்திரம்மா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்த மிஷினுக்குப் பொட்டு வெச்சிகினே வேண்டிக்கினேன் தங்கச்சி. இவ சீமைக்குப் போவக் கூடாது, உன் ஊட்டுக்குத்தான் வரணும்னு. பலிச்சிடுச்சி பாத்தியா?"

"உன் வேண்டுதல் வீணாப் போவுமா அண்ணே."

போன வருடம் அந்த ஆய்வகத்தில் நினைத்தபடி முழுதாக முடிந்த ஒரே பரிசோதனை.

நைனா திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாமே நின்னுக்கினு கீற? எல போட்டாச்சி. வந்து துன்னு."

போய் உட்கார்ந்தேன். கேசரி நன்றாக இருந்தது.