டீகனின் படுக்கைக்கு மேலே உள்ள அலமாரி

அன்புள்ள லெய்டனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நம் மகள் டீகன் ஜெபத்தை விடாமல் சொல்கிறாளா?

கோதுமை அறுவடை ஆட்களுக்கு ஆட்டுக்கறி வாட்டிப் போடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. நான் ஓட்டிவந்து தங்கியிருக்கும் நம் வீட்டுவண்டியில்தான் ஒரு சின்ன வேடிக்கை. மண்சாலைக் குலுக்கலில், விடுமுறைக்கு வரும் டீகனுக்கென்று ஒதுக்கிய படுக்கைக்கு மேலே உள்ள அலமாரியின் ஸ்க்ரூக்கள் கழன்றுவிட்டன. பக்கத்து வண்டி நெவிலிடம் யோசனை கேட்டேன்.

"நீள ஸ்க்ரூ போட்டுராத வெர்னாம்மா, வெளித்தகடு ஓட்டையாகி மழை உள்ள வந்துரும். தீக்குச்சில பசை தடவி ஓட்டைல சொருகு. அப்புறம் பழைய ஸ்க்ரூவையே முறுக்கு" என்றார். அப்படியே செய்தேன், இறுகப் பிடித்தது. பசையின் விலையைக் கணக்கில் எழுதிவிட்டேன்.

அதன்பிறகு வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையவேயில்லை. ஆனாலும் நேற்று மதியம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்க்ரூக்கள் தாமாகச் சுற்றி வெளியே வந்தன. நெவில் வந்து அந்த மெல்லிய சுவர்ப்பலகையைக் கழற்றினார். உள்ளே இரண்டு விரல் இடைவெளிதான். அங்கே என் தீக்குச்சிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"உள்ள குடியிருக்கறவனும் உன்ன மாதிரி சுத்தக்காரன்தான் போல" என்று சிரித்தார். பலகையை மூடிவிட்டுப் போனவர், இன்று தேநீருக்கு வரவில்லை.

ஜெபித்துவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை. இப்போதைக்கு ஓட்டுநர் இருக்கையில் தூங்குகிறேன். உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள்; துவைக்க வேண்டாம். டீகனை மட்டும் அனுப்பாதீர்கள். இங்கே தூசி அதிகம் என்று சொல்லிவிடுங்கள்.

பின்னால் ஏதோ தரையில் விழுந்து உருளுகிறது. போய் எடுத்து வைக்க வேண்டும்.

உங்கள்
வெர்னா