நாலு டப்பா

அம்மிணி,

கொரோனா ஓய்ந்து பொள்ளாச்சி பஸ் மறுபடி ஓடின வருஷம், குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று நர்ஸம்மா நம் ஊட்டுக்கு நாலு டப்பா கொடுத்தாங்களே. மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்க. எனக்கு, என் ஊட்டுக்காரிக்கு, தம்பிக்கு, மூணாறிலிருந்து மாரியம்மன் நோம்பிக்கு வந்த உனக்கும் ஒன்று. கூச்சத்தோடு எல்லாரும் எடுத்து வைத்தீங்க.

மறுநாள் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாங்க. அசுத்தம் ஊட்டில் இருக்கக்கூடாதென்று உங்க மூணு பேருடையதையும் எருக்குழியில் கொட்டிவிட்டேன். நர்ஸம்மா வந்து நின்றதும் பயந்துபோய், நாலு டப்பாவிலும் என்னுடையதையே வைத்தேன். ஒரே சட்டிச் சோறு தின்கிறவர்களுக்கு வேறுவேறாகவா இருக்கும் என்று நினைத்தேன். நாலு பேருக்கும் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. "பாத்தீங்களாண்ணா, நம்ம குடலெல்லாம் இரும்பு" என்று தம்பி சிரித்தான்.

என் ஊட்டுக்காரி போய் ரெண்டு வருஷமாச்சு. தம்பி போன மாசம். ரெண்டு பேருக்கும் குடலில்தான்.

முந்தாநாள் போனில் நீ ரத்தம் போகுது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "மூலமா இருக்குங்கண்ணா, எனக்குத்தான் அன்னைக்கே சீட்டு வந்துச்சே" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நேற்று நர்ஸம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவங்கதான் இதை எழுதறாங்க.

அந்தச் சீட்டு உன்னுடையதில்லை. இந்தக் கடுதாசியையே டாக்டரிடம் காட்டு. நான் ஏமாற்றின மூணு பேரில் உசிரோடு இருப்பது நீ ஒருத்திதான், மயிலாத்தா.

உன் அண்ணன்